பூட்டிய வீட்டில் வேறொருவர் குடியேறினால் சட்டம் என்ன செய்யும்?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், பெற்றோர் காலமான பின் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்தில் வாழ்பவர்கள், காலி வீட்டுக்குக் காவலாக ஒருவரை வைத்திருப்பவர்கள் என எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம் உண்டு. ஒருநாள் போய்ப் பார்த்தால் பூட்டு மாறியிருக்கும். உள்ளே வேறொரு குடும்பம் இருக்கும். கேட்டால் ‘கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். பத்திரம் கையில் இருக்கும்போது நாலு ஆளைக் கூட்டிப்போய்ச் சாமான்களை வெளியே தூக்கிப் போட்டால் என்ன என்ற கோபம் எழுவது இயல்பு. ஆனால் அந்தக் கோபத்தில் செய்யும் காரியம் உரிமையாளரையே குற்றவாளியாக்கிவிடலாம்.

இந்தியச் சட்டம் உரிமையையும் சுவாதீனத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. கிரயப் பத்திரம் உங்கள் பெயரில் இருப்பது உரிமை. வீட்டில் யார் இருக்கிறார் என்பது சுவாதீனம். உரிமை இல்லாதவராகவே இருந்தாலும், ஒருவர் ஓரிடத்தில் நிலைத்துக் குடியமர்ந்துவிட்டால், நீதிமன்றம் வழியாக மட்டுமே அவரை வெளியேற்ற முடியும். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு கர்நாடக வழக்கில் இதைத் தெளிவாக்கியது. அத்துமீறி நுழைகிறவரை அந்தத் தறுவாயிலேயே அளவான பலத்தோடு தடுக்கவும் வெளியேற்றவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு. உரிமையாளர் அறிந்தும் விட்டுவைத்து, வந்தவர் நிலைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். எப்போதாவது வந்து தங்குவதோ, மனையில் நாலு சாமானைப் போட்டுவைப்பதோ நிலைத்த சுவாதீனம் ஆகாது என்று 2019இல் அதே நீதிமன்றம் மீண்டும் சொன்னது. ஆகவே, ஆக்கிரமிப்பு தெரிந்த பிறகு நீங்கள் பொறுமையாகக் கழிக்கும் ஒவ்வொரு வாரமும் எதிராளிக்குத்தான் லாபம்.

சொந்த வீட்டுக்குள் நுழைய இத்தனை கட்டுப்பாடா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதே விதிதான், வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை அடியாள் வைத்து நடுராத்திரியில் தெருவுக்குத் தள்ளவிடாமல் காக்கிறது. போலிப் பத்திரத்தோடு வந்து உங்களையே உங்கள் வீட்டிலிருந்து விரட்டுபவனுக்கும் இதுவே தடை. இந்த விதியைக் கைவிட்டால் ஆள்பலம் உள்ளவருக்கே வீடு சொந்தமாகும். எனவே விதியில் கோளாறு இல்லை என்பதே என் கருத்து. கோளாறு, வழக்கு நகரும் வேகத்தில் இருக்கிறது.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

காவல் நிலையத்துக்குப் போனால் ‘இது சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பும் வழக்கம் பரவலாக உண்டு. பாதி உண்மைதான், வீடு யாருக்குச் சொந்தம் என்று காவல்துறை தீர்மானிக்க முடியாது. ஆனால் பூட்டை உடைத்துப் புகுவது குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு, வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. கையெழுத்தைப் போலியாகப் போட்டுப் பத்திரம் தயாரித்திருந்தால் அது தனிக் குற்றம். மாவட்டக் காவல்துறையில் இயங்கும் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் புகார் தரலாம். நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அங்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டை அணுகலாம். புகாரின் நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அவையே பின்னால் சாட்சி.

இரு தரப்பும் மோதிக்கொள்ளும் நிலை வந்தால் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் தலையிட முடியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145ஆம் பிரிவு என்று பலருக்கும் தெரிந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் 164ஆம் பிரிவு. அவரிடம் தகவல் போவதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை, இன்னும் சுவாதீனத்தில் இருப்பவராகவே அவர் கருதலாம். இந்த இரண்டு மாதத்தைத் தவறவிடாதீர்கள்.

அடுத்த கெடு ஆறு மாதம். குறித்த வகைப் பரிகாரச் சட்டம் 1963இன் 6ஆம் பிரிவின்படி, சம்மதமின்றி, சட்ட வழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்ட எவரும் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். இதில் பத்திரத்தையே காட்ட வேண்டியதில்லை. என் சுவாதீனத்தில் இருந்தது, பறித்துக்கொண்டார்கள் என்று நிரூபித்தால் போதும். தீர்ப்பின் மேல் மேல்முறையீடும் கிடையாது. அரசுக்கு எதிராக மட்டும் இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது. இவ்வளவு எளிய வழி இருந்தும், சொந்தபந்தங்களை வைத்துப் பேசிப் பார்ப்பதிலேயே ஆறு மாதத்தை இழந்துவிடுகிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

அதுவும் கடந்துவிட்டால் உரிமையின் பேரில் வழக்கு. இங்கே பலரும் செய்யும் தவறு, வெறும் தடையாணை கேட்டு வழக்குப் போடுவது. எதிராளி ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது தடையாணையால் பயனில்லை. உரிமையில் தகராறு இருந்தால் உரிமை விளம்புகையும் சுவாதீன ஒப்படைப்பும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அவர் அனுபவித்த காலத்துக்கான இழப்பீட்டையும் அதே வழக்கில் கேளுங்கள். எதிராளி முந்திக்கொண்டு இடைக்காலத் தடை வாங்கிவிடுவார் என்று தோன்றினால், உங்களைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்னும் கேவியட் மனு போட்டுவைக்கலாம். அது 90 நாள் செல்லும்.

12 ஆண்டு என்னும் எல்லை

காலவரையறைச் சட்டம் 1963இன் 65ஆம் இனம்தான் உரிமையாளர்கள் மிகவும் அஞ்ச வேண்டியது. ஒருவருடைய சுவாதீனம் உரிமையாளருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால், 27ஆம் பிரிவின்படி உரிமையே அற்றுப்போகும். வழக்குப் போடும் உரிமை மட்டுமல்ல, சொத்துரிமையே போய்விடுகிறது. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்த காலம் இதில் கழிக்கப்படாது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தாலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அதே சமயம், 12 வருடம் குடியிருந்தால் வீடு சொந்தம் என்று டீக்கடையில் பேசுவதை நம்பிப் பயப்படவும் வேண்டாம். எதிரிடை அனுபோகம், அதாவது இப்படி எதிரான சுவாதீனத்தால் வந்த உரிமை, கோருபவர் எந்தத் தேதியில் சுவாதீனம் எடுத்தார், எந்த வகையில் எடுத்தார், அது உரிமையாளருக்குத் தெரியும்படி இருந்ததா, எவ்வளவு காலம் இடையூறின்றி நீடித்தது என எல்லாவற்றையும் நிரூபிக்க வேண்டும். மின்கட்டண ரசீதும் ரேஷன் அட்டையும் மட்டும் போதாது. உங்கள் அனுமதியோடு வந்தவருடைய இருப்பு, எத்தனை ஆண்டானாலும் அனுமதியின் தொடர்ச்சிதான். அது தானாக எதிரிடையாகாது. வாடகைதாரர் வாடகைதாரராக இருந்தபடியே வீட்டுக்கு உரிமை கொண்டாட முடியாது.

கோவாவில் உடன்பிறந்தவர்கள் இருவருக்கிடையே நடந்த ஒரு வழக்கு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சகோதரியின் வீட்டில் இருந்த சகோதரர் அதைத் தன் சுவாதீனம் என்று கோரினார். 2012இல் நீதிபதி தல்வீர் பண்டாரி அமர்வு அதை ஏற்கவில்லை. காவலாளி, பராமரிப்பாளர், வேலையாள் ஆகியோர் எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமையாளருக்காகவே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சொத்தில் எந்தப் பாத்தியமும் உண்டாகாது என்று கூறிய அந்தத் தீர்ப்பு, இன்றும் வீட்டுக்காரர்களின் பெரிய பலம்.

அதே நீதிபதிதான் 2008இல் இன்னொரு தீர்ப்பில், நேர்மையற்ற ஆக்கிரமிப்பாளருக்குப் பரிசு தருவதுபோல் எதிரிடை அனுபோகச் சட்டம் இருப்பதைக் கடுமையாக விமர்சித்து, மறுபரிசீலனை செய்யும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டார். 22ஆம் சட்ட ஆணையமோ 2023இல் தன் 280ஆவது அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்றது. பல தலைமுறையாக ஏழைகள் குடியிருக்கும் பழைய இடங்களை நினைத்தால் 12 ஆண்டு விதிக்கு நியாயம் உண்டு. ஆனால் அடுத்தவர் கட்டிய வீடு என்று தெரிந்தே பூட்டை உடைத்துப் புகுந்தவருக்கும் அதே சலுகை தருவது நியாயமல்ல. இந்த இரண்டையும் சட்டம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

காலம் முடிந்தும் போகாத வாடகைதாரர் ஆக்கிரமிப்பாளர் அல்ல. அவருக்குத் தனி வழி. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டப்படி வாடகை நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் அந்தச் சட்டத்தில் கட்டாயம். ஆக்கிரமிக்கப்பட்டது அரசு நிலம் என்றால் 12 ஆண்டுக்குப் பதில் காலக்கெடு 30 ஆண்டு. வருவாய்த் துறையே 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் அறிவிப்பு கொடுத்து அகற்றும்.

தீர்ப்பு கிடைத்தாலும் வீடு கைக்கு வருவதில்லை என்பதுதான் பெருந்துயரம். நிறைவேற்று மனு போட்டு, அமீனா வந்து, அங்கே புதிதாக ஒருவர் முளைத்து ஆட்சேபம் சொல்லி, மறுபடி விசாரணை. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு எல்லா முன்சீப் நீதிமன்றங்களிலும் நடைமுறையானால் பாதி ஆக்கிரமிப்புகளுக்கு ஊக்கமே இருக்காது.

வெளியூரில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். வீட்டு வரியையும் மின்கட்டணத்தையும் உங்கள் பெயரிலேயே கட்டுங்கள். உறவினரோ காவலாளியோ, யாரைக் குடிவைத்தாலும் ‘உரிமையாளரின் அனுமதியின் பேரில், கேட்டதும் காலி செய்யும் நிபந்தனையோடு இருக்கிறேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள். உறவு கெடும் என்று கூச்சப்பட வேண்டாம். அந்த ஒரு காகிதம் இல்லாததால்தான் எத்தனையோ உறவுகள் நீதிமன்றத்தில் போய் நிற்கின்றன. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவை நாடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பின்றி அங்கே இலவச சட்ட உதவி உண்டு.