புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

குலசை முத்தாரம்மன் கோயில் தசரா வந்துவிட்டால், தூத்துக்குடி வட்டாரம் முழுக்கச் சில்லறைச் சத்தம்தான். வேடம் கட்டிய பக்தர்கள் ஊர் ஊராகக் காணிக்கை பிரித்து உண்டியலில் சேர்க்கிறார்கள். அந்த நாட்களில் பழைய டப்பாக்களைத் துழாவும்போது, தாத்தா காலத்து வெள்ளி ரூபாயோ பச்சை பூத்த செப்புக் காசோ கையில் அகப்படுவதுண்டு. அகப்பட்ட கையோடு அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். காசு பளபளக்கிறது. அதன் விலையில் பெரும்பகுதி கழுவிய தண்ணீரோடு போய்விடுகிறது.

சேகரிப்பாளர் பணம் கொடுப்பது பழமைக்கு மட்டுமல்ல. காசு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும்தான். புழக்கத்துக்கே போகாததை ‘யு.என்.சி.’ என்பார்கள். அதற்குக் கீழே எக்ஸ்ட்ரா ஃபைன், வெரி ஃபைன், ஃபைன் என்று தேய்மானத்துக்கேற்பப் படிகள் இறங்கும். 1949இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் வகுத்த 1 முதல் 70 வரையிலான மதிப்பெண் முறையை இன்று உலகெங்கும் தர நிறுவனங்கள் பின்பற்றுகின்றன. தேய்த்துக் கழுவிய காசுக்கு அவை முழுத் தரம் தருவதில்லை. ‘கழுவப்பட்டது’ என்று குறித்தே திருப்புகின்றன.

1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயைப் பாருங்கள். மன்னரின் அங்கியில் பொறித்திருந்த யானை, துதிக்கை குட்டையாகப் போனதால் பன்றியைப்போலத் தெரிந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் அச்சடித்ததில் பெரும்பகுதி உருக்கப்பட்டது. அடுத்த ஆண்டு யானை திருத்தப்பட்டது. ‘பன்றி ரூபாய்’ என்று பெயர் வாங்கித் தந்த அந்த உருவம் நகக்கண் அளவுகூட இல்லாத மேடு. அழுத்தித் தேய்த்தால் முதலில் மழுங்குவது அதுபோன்ற மேடுகள்தான்.

வாங்குபவர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு காசை வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கை படாத வெள்ளி ரூபாயில் சாய்க்கச் சாய்க்க ஒளிப்பட்டை ஒன்று சுற்றி நகரும். தேய்த்ததில் அது இருக்காது; ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடும். 1939 வெள்ளி ரூபாய் அரிது என்பதால் அதில் போலிகள் ஏராளம். ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சுற்றிச் சுரண்டிய தடம் இருக்கிறதா, எடை 11.66 கிராமை ஒட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டே விலை பேச வேண்டும்.

செப்புக் காசுக்கு முத்துக்குளித்துறையின் உப்புக் காற்றே பகை. கெட்டியாகப் படிந்த கரும்பச்சைத் தோல் காசைக் காக்கும். அதைத் தொடக் கூடாது. ஆனால் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால், உப்பின் குளோரைடு செம்பை அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஈரம் இருக்கும்வரை அரிப்பு நிற்காது. அந்தக் காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உலர்ந்த டப்பாவில் வையுங்கள். மலிவான பி.வி.சி. உறை வேண்டாம்; அதிலிருந்து கசியும் பிசுக்கும் செம்பைக் கெடுக்கும். சுத்தம் செய்தே ஆக வேண்டுமென்றால் அது வல்லுநர் வேலை. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930 முதலே இதற்கென வேதியியல் பாதுகாப்புக் கூடம் இயங்கிவருகிறது.

காசைத் தேய்ப்பதில் விலை மட்டுமா போகிறது? வரலாறும் போகிறது. ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த சங்ககாலப் பாண்டியர் செப்புக் காசை, தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் அடையாளம் கண்டார். குதிரை உருவத்தோடு எழுத்தும் படிக்கும்படி மிஞ்சியிருந்ததால்தான் அது சான்றாயிற்று. பிற்காலப் பாண்டியரின் ‘எல்லாந்தலையானான்’ காசுகளும் அப்படித்தான். எழுத்துப் போனால் அது வெறும் செப்புத் துண்டு.

கடையில் வாங்கும்போது, சொல்லப்பட்ட தரத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘யு.என்.சி.’ என்று எழுதிக் கழுவிய காசை விற்றிருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கடை மும்பையில் இருந்தாலும், குலசைக்காரர் தூத்துக்குடி மாவட்ட ஆணையத்திலேயே தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வைஷ்ணவதேவி படம் போட்ட 5 ரூபாய் நாணயத்துக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லி, முதலில் ‘வரி’, ‘கமிஷன்’ கட்டச் சொல்லும் மோசடி தனி ரகம். தன் பெயரைச் சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம், பழைய நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தான் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்கிப் பிடிப்பது கடினமாகும்.

அஸ்திவாரம் தோண்டும்போதோ தேரி மணலிலோ புதையலாகக் கிடைத்த காசுக்குச் சட்டம் வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. ஆனால் அரசு தானே எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தந்தால் போதும். அரிய செப்புக் காசுக்கு உலோக விலை என்ன தேறும்? நேர்மையாகத் தெரிவிப்பவரை இந்தப் பிரிவு தண்டிக்கிறது; அரசு இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். கேட்டு வாங்கிப் பாருங்கள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. பன்றி ரூபாயும் நூறாண்டைத் தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தபாலில் அனுப்பினாலும், தரச் சான்றுக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினாலும் இந்தத் தடை பொருந்தும்.