மெழுகில் விழுந்த காயங்கள்

1977ல் சாந்திநிகேதனின் கலா பவனத்தில் ஒரு தாயும் சேயும் வெண்கலத்தில் உருவானார்கள். வியட்நாம் மக்களின் போராட்டத்துக்கு சோம்நாத் ஹோர் செலுத்திய அஞ்சலி அது. அதுவரை அவர் செய்ததிலேயே பெரிய சிற்பம். முடித்த கையோடு அது களவு போனது. பிறகு தடயமே இல்லை.

பறிகொடுத்தவருக்கு அப்போது வயது 56. சிற்பத்துக்கு அவர் வந்தே சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன் அவர் நாடறிந்த அச்சோவியர். டெல்லியில் பல ஆண்டுகள் அந்தக் கலையைக் கற்பித்தவர். ஆனால் அவருடைய விஷயம் எப்போதும் ஒன்றுதான்: பசித்த உடல்.

அந்த உடலை அவர் 1943ல் பார்த்தார். அவர் பிறந்த சிட்டகாங் மாவட்டம் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. வங்கப் பஞ்சம் அங்கே கடுமையாகத் தாக்கியது. அரசு நியமித்த விசாரணைக் குழு 15 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. பிற்கால ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த ஓவியர் சித்தப்பிரசாத், இளைஞர் ஹோரைத் தெருவுக்கு அழைத்துப்போய், சாகக் கிடந்தவர்களை நேருக்கு நேர் பார்த்து வரையப் பழக்கினார். அந்தக் கோட்டோவியங்கள் கட்சிப் பத்திரிகையில் வெளியாயின. இது என்ன கலை என்று கேட்க அப்போது யாருக்கும் நேரமில்லை. சித்தப்பிரசாத்தின் பஞ்சச் சித்திரப் புத்தகத்தையோ பிரிட்டிஷ் அரசு பறிமுதல் செய்து அழித்தது. படத்துக்கு அரசாங்கம் அப்படிப் பயந்த காலம்.

1946ல் வட வங்கத்தில் தேபாகா போராட்டம். விளைச்சலில் பாதியைத்தான் பெற்றுவந்த குத்தகை விவசாயிகள் மூன்றில் இரண்டு பங்கு கேட்டார்கள். நாட்குறிப்பும் வரைபலகையுமாக ஹோர் அவர்களோடு அலைந்தார். பின்னாளில் கட்சி விலகியது, பஞ்சம் விலகவில்லை.

1970களின் தொடக்கம். ஒரு பக்கம் வங்கதேசப் போர், மறுபக்கம் மேற்கு வங்கத்தில் நக்சலைட் மோதல்களும் போலீஸ் வேட்டையும். ஹோர் 'காயங்கள்' என்ற வரிசையைத் தொடங்கினார். களிமண் பலகையைக் கத்தியால் கீறுவார், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளைப்பார். அதிலிருந்து சிமென்ட் அச்சு எடுத்து, காகிதக் கூழை அதில் அழுத்துவார். மை கிடையாது. வெள்ளைத் தாளில் வெள்ளைப் புடைப்பு. சிலவற்றில் மட்டும் லேசான சிவப்புக் கசிவு. ஓர் உருவமும் இல்லை. ஆனாலும் பார்ப்பவர் கை தானாகப் பின்வாங்கும். (தமிழில் காயம் என்றால் புண், உடல் இரண்டும்தான். இந்த வரிசைக்கு இதைவிடப் பொருத்தமான தலைப்பை வேறு மொழியில் தேட வேண்டியதில்லை.)

அங்கிருந்து வெண்கலத்துக்கு ஓர் அடிதான். கத்தியும் சூடும் அப்படியே. களிமண் இருந்த இடத்தில் மெழுகு.

மெழுகு வார்ப்பு நமக்குப் புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சுட்டு மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். வார்த்தபின் உளியால் செதுக்கி, அராவி, மெருகேற்றுவார்கள். தெய்வத்தின் மேனியில் பிசிறு இருக்கக்கூடாது. ஹோருக்குப் பிசிறுதான் வேண்டும். மெழுகைத் தகடாக்கி, கிழித்து, வளைத்து, சூட்டில் ஒட்டவைத்தார். ஒட்டிய தழும்பு அப்படியே உலோகத்தில் நின்றது. விலா எலும்பு என்பது சில கீறல்கள். வயிறு வெறும் ஓட்டை.

வெண்கலச் சிலை என்றதும் சதுக்கத்தில் கை நீட்டி நிற்கும் தலைவர்தான் நம் நினைவுக்கு வருவார். ஹோரின் மனிதர்களில் பெரும்பாலோர் ஒரு மேஜைமேல் அடங்கிவிடுவார்கள். பிச்சை கேட்பவன், குழந்தையைத் தூக்கிய தாய், எலும்பு தெரியும் நாய். பார்வையாளர்தான் குனிய வேண்டும். 'பசியின் கொடுமை' என்று பெயர்ப்பலகை வைத்து கான்கிரீட்டில் எழுப்பப்படும் எத்தனையோ நினைவுச் சின்னங்களைவிட, இந்தச் சிறிய உருவங்கள் அதிகம் உறுத்துகின்றன. பட்டினியைப் பற்றி இவை பேசுவதில்லை; பட்டினி ஓர் உடலை என்ன செய்ததோ அதையே அவர் மெழுகுக்குச் செய்திருக்கிறார்.

ஒரு முரண் உண்டு. சோற்றுக்கில்லாமல் செத்தவர்களின் உருவங்கள் இன்று ஏலக் கூடங்களில் பெரும் விலைக்குப் போகின்றன. ஹோரின் வாழ்க்கை என்னவோ சாந்திநிகேதனில் ஆரவாரமின்றிக் கழிந்தது. 2006 அக்டோபரில் அவர் காலமானார். பத்ம பூஷண் மறு ஆண்டு வந்தது.