லயக் காம்பராவுக்கு வந்த பந்தயச் சாலை

பதுளையிலிருந்து பசறைக்கும், ஹாலிஎலயிலிருந்து பண்டாரவளைக்கும், பெரகலயிலிருந்து கொஸ்லந்தைக்கும் செல்லும் சாலைகளில், நூறு கெஜ தூரம் நேராக ஓடும் பாதையை அபூர்வமாகவே கண்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலர், மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிவப்புக் காரைச் செலுத்தும் வித்தையைக் கற்றது, கொனாமி என்ற ஜப்பானிய நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் நிர்மாணித்த ‘ரோட் ஃபைட்டர்’ என்னும் விளையாட்டின் வாயிலாகத்தான். காசு போட்டு ஆடும் பெரிய பெட்டி யந்திரமாகவே அது பிறந்தது. ஆனால் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும், ‘டீவி கேம்’ என்று எல்லாரும் அழைத்த சிறு கருவியின் கசெட்டுக்குள் அடங்கித்தான் அது லயத்துக்கு வந்து சேர்ந்தது. ஜப்பானியருக்கு எது பிரதியோ அதுவே நமக்கு மூலமாயிற்று. ஆகவே அந்தப் பிரதி எப்படி இயற்றப்பட்டது, எதை இழந்தது, எதைக் காத்தது என்பதை அறிவது, நம் பிள்ளைகள் மணிக்கணக்காக எதன் எதிரே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அறிவதேயாகும்.

பந்தய யந்திரங்களின் பூர்வீகம் கணினிச் சில்லுகளுக்கும் முற்பட்டது. 1969-இல் சிக்காகோ காயின் நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்பீட்வே’ என்னும் யந்திரத்தில், மின்விளக்கும் சுழலும் தட்டுகளுமே சாலையையும் எதிர்ப்படும் கார்களையும் திரையில் காட்டின. 1974-இல் டைட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த டொமோஹிரோ நிஷிகாடோ, பின்னாளில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தால் உலகப் புகழ் பெற்றவர், ‘ஸ்பீட் ரேஸ்’ என்ற ஆட்டத்தில் சாலையை ஆகாயத்திலிருந்து நோக்குவது போல அமைத்து, மற்றக் கார்களை மேலிருந்து கீழாக நகரவிட்டார். ரோட் ஃபைட்டரின் குலமுதல்வன் அதுவே என்பது என் அபிப்பிராயம்.

காசு போட்டு ஆடும் யந்திரத்துக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு. ஒருவர் ஒரே நாணயத்தோடு நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தால் கடைக்காரருக்கு நஷ்டம். சீக்கிரமே தோற்கடித்தால் ஆடியவர் மறுபடி வரமாட்டார். இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்க்க ரோட் ஃபைட்டரை இயற்றியவர்கள் கண்ட உபாயம் எரிபொருள். ஆட்டம் தொடங்கும்போது நூறு என்று நிற்கும் எண் கணந்தோறும் குறைந்துகொண்டே வரும். பல வர்ணமாய் மினுக்கிக்கொண்டு வரும் ஒரு விசேஷக் காரைத் தொட்டால் சிறிது ஏறும். சாலையோரத்தில் மோதி வெடித்தால் கார் மீண்டும் கிடைக்கும், ஆனால் எரிபொருளில் ஒரு பங்கு போய்விடும். எரிபொருள் என்ற பெயரில் அங்கே இருப்பது கடிகாரமே. இந்த ஏற்பாடு அப்படியே வீட்டுப் பிரதிக்கும் வந்துவிட்டபடியால், காசே கேட்காத கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையும், ஒசாகாவில் நாணயத்தைக் கையில் வைத்திருந்த பிள்ளையைப் போலவே, குறைந்துகொண்டு வரும் அந்த எண்ணைக் கண்டு நெஞ்சு பதைத்தது. தியத்தலாவையின் ஃபொக்ஸ்ஹில் ஓடுபாதையில், 2024 ஏப்ரல் 21 அன்று பந்தயக் கார் ஒன்று பார்வையாளருக்குள் புகுந்து ஏழு உயிர்களைக் கவர்ந்த துயரத்தை அறிந்த ஊவா மாகாணத்தாருக்கு, மோதலின் தண்டனையை எரிபொருளாக மட்டுமே வசூலிக்கும் திரைச் சாலையின் கருணை எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, அந்தச் சாலை ஓடும் விதத்தைப் பார்ப்போம். தெமோதரையைத் தாண்டிப் பதுளை நோக்கி இறங்கும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குத் தான் அசையாதிருப்பதாகவும் தேயிலைச் சரிவுகளே பின்னோக்கி ஓடுவதாகவும் தோன்றுமல்லவா? ரோட் ஃபைட்டரில் அந்தத் தோற்றமே உண்மை. சிவப்புக் கார் திரையில் முன்னே போவதே இல்லை. இடமும் வலமும் மட்டுமே நகரும். சாலைதான் கீழ்நோக்கி வழிகிறது, வேகம் கூடக்கூட விரைவாக வழிகிறது. வேறொரு காரை உரசினால் நம் கார் தடுமாறிச் சுழலும். அக்கணத்தில் பதறாமல், அது சாயும் திசைக்கு மாறாகத் திருப்பத் தெரிந்தவர் தப்பிக்கலாம். இதைக் கற்றுக்கொள்வதிலேதான் இந்த ஆட்டத்தின் ருசி முழுவதும் இருக்கிறது.

கடையில் நின்ற பெட்டியில் திரை நெட்டுக்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தது. எதிரே வரும் சாலை நீளமாகத் தெரிய அது உதவிற்று. வீட்டுத் தொலைக்காட்சியோ அகலத்தில் பெரியது, உயரத்தில் குறைந்தது. 1985-இல் இவ்வாட்டத்தை நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு மாற்றியமைத்தவர்கள், எஞ்சிய அகலத்தைச் சாலைக்குக் கொடுத்து அதைப் பெருவெளியாக்கிவிடாமல், இருபுறமும் ஒதுக்கி, ஒரு பக்கத்தில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதையும் மறுபக்கத்தில் வேகம், எரிபொருள், புள்ளிகள் ஆகியவற்றையும் வைத்தார்கள். சாலையின் நெருக்கம் காக்கப்பட்டது. கார்களுக்கிடையே நுழைந்து போகும் அச்சமே இவ்வாட்டத்தின் ஜீவன் என்பதை அறிந்தவர்கள் செய்த காரியம் இது.

ஃபேமிகாமின் சக்தி எவ்வளவு என்று கேட்டால் இன்றைய மாணவர் திகைப்பார். அதன் செயலி வினாடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகளில் இயங்கியது. வேலைக்கான நினைவகம் இரண்டே கிலோபைட், அதாவது இன்றைய கணினிகள் தமிழைச் சேமிக்கும் முறையில் இக்கட்டுரையின் பத்தில் ஒரு பங்குகூட அதில் கொள்ளாது. ஆயினும் அதற்குத் துணையாக ஒரு தனிச் சித்திரச் சில்லு இருந்தது. எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சதுரங்களால் ஆகிய பின்னணி முழுவதையும், ஒரே ஓர் எண்ணை மாற்றிய மாத்திரத்தில் புள்ளி புள்ளியாக நகர்த்தும் வசதி அதில் உண்டு. சாலை வழுக்கிக்கொண்டு ஓடியது அதனாலேதான். அதே காலத்தில் எம்.எஸ்.எக்ஸ். என்னும் வீட்டுக் கணினிக்கும் ரோட் ஃபைட்டர் வந்தது. முதல் தலைமுறை எம்.எஸ்.எக்ஸ். கருவியில் பின்னணியை நகர்த்தும் அவ்வசதி இல்லாமையால், சதுரங்களை இடம் மாற்றி மாற்றி எழுதியே சாலையை ஓட்ட வேண்டியிருந்தது. கார்களோ பின்னணியின் மேல் மிதக்கும் சிறு துண்டுகள். ஃபேமிகாம் திரையில் இத்தகைய துண்டுகள் 64 வரை இருக்கலாம். ஆனால் ஒரே கிடைவரியில் எட்டுக்கு மேல் வந்தால் மிகுதியானவை மறைந்துபோகும். ஒரு கார் இரு துண்டு அகலமென்றால், நான்கு கார்களுக்கு மேல் தோளோடு தோள் நிற்க இயலாது. சாலை குறுகியிருந்ததற்கு அழகு மட்டுமல்ல, இந்தக் கணக்கும் அனுகூலமாகவே இருந்தது.

நம் ஊர்களுக்கு வந்தது பெரும்பாலும் ஃபேமிகாமும் அன்று. தைவானிலும் பிற்பாடு சீனாவிலும் செய்யப்பட்ட அதன் நகல்கள். அவற்றோடு வந்த கசெட்டுகள் நூறு, ஆயிரம் என்று ஆட்டங்களின் தொகையைப் பறைசாற்றின. திறந்து பார்த்தால் ஒரு சில ஆட்டங்களே பல பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். ஆரம்பகால ஆட்டங்கள் சில பத்துக் கிலோபைட்டுகளிலேயே அடங்கிவிட்டபடியால் அவற்றையே அடுக்கினார்கள்; ரோட் ஃபைட்டர் ஊர் ஊராகப் பரவியதற்கு அதன் சிறுமையும் ஒரு காரணம். இலங்கையின் தொலைக்காட்சி பி.ஏ.எல். என்னும் முறையைச் சார்ந்தது. வினாடிக்கு 60 சித்திரங்களை எண்ணி இயற்றிய ஆட்டத்தை, 50 சித்திரங்கள் மட்டுமே வரையும் அம்முறைக்கேற்ற நகல் கருவி ஆறில் ஒரு பங்கு மெதுவாகவே ஓட்டும். நம் பிள்ளைகள் கண்ட 400 கிலோமீட்டர் வேகம், உண்மையில் ஜப்பானியப் பிள்ளைகள் கண்ட 400 அல்ல.

ரூபவாஹினி ஒளிபரப்பு 1982-இல் தொடங்கிய பிறகும் மின்சாரம் எட்டாதிருந்த லயங்கள் பல. அங்கெல்லாம் வாகன பேட்டரியைச் சார்ஜ் செய்து கொண்டுவந்து, பன்னிரண்டு வோல்ட்டில் இயங்கும் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியை ஓட்டினார்கள். இவ்வாட்டத்தின் கார்களோ நிறத்தால் பிரிக்கப்பட்டவை: ஒரு நிறத்துக் கார் நேரே போகும், இன்னொரு நிறத்துக் கார் நம்மை மறிக்க வரும். நிறமே இல்லாத திரையில் ஆடியவர்கள், எந்தக் கார் எப்படி அசைகிறது என்பதைக் கொண்டே அதன் சுபாவத்தை உணர வேண்டியிருந்தது. பிரதிக்கும் ஒரு பிரதி அந்தக் காம்பராவில் உண்டாயிற்று. அதை இயற்றியவர்கள் அந்தப் பிள்ளைகளே. மோதாமல் வெகுதூரம் சென்றால் ஓரத்தில் பறந்து போகும் உருவம் கொனாமி நிறுவனத்தின் சொந்த வீரன் ‘கொனாமி மேன்’. நம் பிள்ளைகள் அவனைச் சூப்பர்மேன் என்றே அறிந்தார்கள்.

மலைநாட்டுக்கு உரிய வளைவு மட்டும் இவ்வாட்டத்தில் முறையாக வரவில்லை. வளைவைத் திரையில் காட்டும் சூத்திரம் வேறு. திரையை மேலிருந்து கீழே வரிவரியாக வரைகையில், ஒவ்வொரு வரியிலும் சாலையைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனால், நேராக எழுதிய சாலையே வளைந்து தோன்றும். 1982-இல் நாம்கோ வெளியிட்ட ‘போல் பொசிஷன்’ யந்திரம் இரண்டு 16 பிட் செயலிகளைக் கொண்டு, ஃபூஜி மலையடிவாரப் பந்தயப் பாதையை ஓட்டுநரின் கண்மட்டத்திலிருந்து காட்டிற்று. 1986-இல் யூ சுஸுகியின் ‘அவுட் ரன்’ மேடுபள்ளங்களையும் சேர்த்துக் காட்டிற்று. எளிய ஃபேமிகாமிலேயே நின்டெண்டோவின் ‘எஃப்-1 ரேஸ்’ 1984-இல் வளைவுகளைக் காட்டிவிட்டது.

ஆகவே எனக்கு ஓர் ஆசை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 முதல் இருக்கிறது. ஃபேமிகாமின் செயலிக்கு நிரல் எழுதும் கருவிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அதே இரண்டு கிலோபைட் நினைவகத்துக்குள், பெரகலயில் தொடங்கி வெல்லவாயவில் முடியும் இறக்கத்தை நம் மாணவர் ஒருவர் ஆட்டமாக எழுத வேண்டும். அவ்விறக்கத்தில் ஓட்டுநரின் கவலை எரிபொருள் அல்ல, பிரேக்கின் சூடு. குறையும் எண்ணுக்குப் பதிலாக ஏறும் சூட்டையே கடிகாரமாக்கலாம், கியரைக் குறைத்தால் அது தணியும்படி வைக்கலாம். கொழுந்து லொறிக்கு நான்கு துண்டுகளும் பஸ்ஸுக்கு ஆறும் ஒதுக்கினாலும், 64-இல் மூடுபனிக்கு வேண்டிய அளவு மிஞ்சும்.