மீதி 25 சதவீதம் யாருக்கு?

சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் டிசம்பர் வந்தால் ஒரு கணக்கு ஓடும். 75 சதவீத வருகை இருந்தால் பொதுத்தேர்வு எழுதலாம். அப்படியானால் மீதி 25 சதவீதம் நம் கையில் உள்ள விடுப்புதானே? அலுவலகத்து கேஷுவல் லீவ் மாதிரி அதைச் செலவழிக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். வாரியம் அப்படி நினைக்கவில்லை. நோய், விளையாட்டு, குடும்பத்தில் நேரும் பேரிழப்பு போன்றவற்றுக்காக ஒதுக்கிய சலுகை என்றே அதைச் சொல்கிறது.

கணக்கு முடியும் நாளை முதலில் பார்த்துவிடலாம். தேர்வு தொடங்கும் மாதத்துக்கு முந்தைய மாதத்தின் முதல் தேதியோடு கணக்கு முடிகிறது. தேர்வு பிப்ரவரியில் என்பதால் அது ஜனவரி 1. அதுவரை பள்ளி 180 நாள் நடந்தது என்று வைத்துக்கொண்டால், 135 நாள் வந்திருக்க வேண்டும். பொங்கல் முடிந்து ஒரு நாள் விடாமல் வந்தாலும் பழைய பள்ளம் நிரம்பாது.

வருகை 60க்கும் 75க்கும் இடையில் இருந்தால் வழி உண்டு. 15 சதவீதம் வரையிலான குறையை மன்னிக்க வாரியத் தலைவருக்கு அதிகாரம் இருக்கிறது. பள்ளி முதல்வர் தன் பரிந்துரையோடு மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பரிந்துரைக்கவில்லை என்றால் அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும். 2024 அக்டோபர் சுற்றறிக்கை இதற்கு ஜனவரி 7 வரைதான் நேரம் கொடுத்தது. அனுப்பிய பிறகு பதிவேட்டில் ஓர் எண்ணைக்கூட மாற்ற முடியாது. 60க்கும் கீழே போனால், புற்றுநோய், காசநோய் போல நெடுநாள் மருத்துவமனையில் கிடக்க வைக்கும் நோய்களுக்கு மட்டுமே கதவு திறக்கும்.

எந்தக் காரணங்கள் செல்லும்? நீண்ட நாள் நோய், தாய் அல்லது தந்தையின் மரணம், அதற்கு இணையான கடும் நிகழ்வு. நோய்க்கு அரசு மருத்துவரின் சான்றும் பரிசோதனை அறிக்கைகளும் வேண்டும். மரணத்துக்கு இறப்புச் சான்றிதழ். பெற்றோரின் விண்ணப்பக் கடிதம் எல்லாவற்றுக்கும் வேண்டும். தாய்மாமன் வீட்டுக் கல்யாணமும் குலதெய்வக் கோயில் பயணமும் இந்தப் பட்டியலில் இல்லை. போகக்கூடாது என்றில்லை; பிறகு பிள்ளை காய்ச்சலில் படுக்கும்போது கையிருப்பு குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

விளையாட்டு விஷயம் வேறு. பள்ளி அனுமதியோடு, பள்ளிகளுக்கு இடையிலான நிலைக்குக் குறையாத போட்டிக்குப் போனாலோ, என்சிசி, என்எஸ்எஸ் முகாமுக்குப் போனாலோ, ரயிலில் கழிந்த நாள்கள் உட்பட முழு வருகையாகவே எண்ணப்பட வேண்டும் என்கிறது விதி. கபடிக்கும் தடகளத்துக்கும் மாவட்டம் மாவட்டமாகப் போகிற பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பதிவேட்டில் ‘ஆப்சென்ட்’ என்றே நின்றுவிடலாம்.

2025 ஆகஸ்ட் சுற்றறிக்கை இன்னும் இறுக்கியது. மருத்துவ விடுப்பென்றால் ஆவணத்தோடு உடனே கடிதம் தர வேண்டும். மற்ற காரணங்களையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஜூலையில் வந்த டெங்குவுக்கு டிசம்பரில் சான்றிதழ் தேடி அலைந்தால் எடுபடாது. கிளாஸ் டீச்சருக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடாமல், கையெழுத்திட்ட லீவ் லெட்டரின் நகல் ஒன்றை வீட்டில் வைத்திருப்பது நல்லது.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் டம்மி பள்ளிகள். பெயர் பள்ளியில், பிள்ளை நாள் முழுக்க நீட், ஜேஇஇ கோச்சிங்கில். டெல்லியிலும் ராஜஸ்தானிலும் திடீர் சோதனை நடத்திய வாரியம், 2024 நவம்பரில் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. 6 பள்ளிகளைத் தரம் இறக்கியது. 2025 செப்டம்பரில் இன்னொரு முடிச்சும் விழுந்தது: பள்ளிக்கு வராத மாணவருக்கு உள்மதிப்பீடு போட முடியாது, உள்மதிப்பீடு இல்லாமல் தேர்வு முடிவு வெளியாகாது.

சோதனை நியாயம்தான். ஆனால் பெயரைப் பதிந்து கட்டணம் வாங்கிய பள்ளியும், பகல் வகுப்பு நடத்திய கோச்சிங் மையமும் அடுத்த ஆண்டு புதுப் பிள்ளைகளைச் சேர்க்கப் பார்க்கும். ஓராண்டை இழப்பது பதினேழு வயதுப் பிள்ளை. படுத்த படுக்கையான பாட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்படும் பெண்ணுக்கும் இந்த விதிகளில் தனி வரி கிடையாது. ‘இணையான கடும் காரணம்’ என்ற பொதுச் சொல்லுக்குள் அவளைக் கொண்டுவர மனமுள்ள முதல்வர் ஒருவர் வாய்க்க வேண்டும்.

கோச்சிங்கே போதும், பள்ளி வேண்டாம் என்று தீர்மானித்துவிட்ட குடும்பங்களுக்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே தினசரி வருகைக் கட்டாயம் இல்லை. போலிப் பதிவேடும் தேவைப்படாது. ஆனால் அந்த முடிவை பதினொன்றாம் வகுப்பில் சேரும் முன்பே எடுப்பது நல்லது.