சேற்றில் ஒரு கண்ணி, மண்ணில் ஒரு கண்ணி

மீமிசலில் கடல் சற்றே பின்வாங்கும் வேளையில் நின்று பார்ப்பவருக்கு, பேரலைகளின் ஆர்ப்பாட்டமில்லாத அந்தச் சேற்றுக் கரை, யுத்தத்தின் வாடையே படாத பிரதேசமாகத் தோன்றும். ஆயினும் ஏறக்குறைய இதே சுபாவமுள்ள ஒரு கரையில்தான், தேம்ஸ் நதி கடலைச் சேரும் ஷூபரினெஸ்ஸில், 1939 நவம்பர் 23-ஆம் தேதி, ஜெர்மானிய விமானம் முந்தின இரவு பாராசூட்டில் இறக்கிய கண்ணிவெடியொன்று நீர் வற்றியதும் வெளிப்பட்டுக் கிடந்தது. கப்பலின் இரும்புடலை உணர்ந்து வெடிக்கும் காந்தக் கண்ணி என்று ஊகித்தார்களே ஒழிய, அதன் அந்தரங்கம் பிரிட்டிஷ் கடற்படைக்குப் பிடிபடவில்லை. ஜான் ஊவ்ரி என்னும் கடற்படை அதிகாரி, காந்தத்துக்கு வசப்படாத பித்தளைக் கருவியோடு சென்று, அடுத்து எதைக் கழற்றப்போகிறார் என்பதைத் தொலைவில் நின்ற சகாக்களுக்குத் தெரிவித்த பிறகே கழற்றினார். தாம் சிதறிப்போனாலும் பின்வருபவர் அதே தவற்றைச் செய்யலாகாதல்லவா! அடுத்த மாதமே ஆறாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு விருது சூட்டினார். கப்பல்களைச் சுற்றி மின்கம்பி ஓட்டி அவற்றின் காந்தத்தைத் தணிக்கும் உபாயத்துக்கு அந்தச் சேற்றில் கிடைத்த ஞானமே ஆதாரமாயிற்று.

ஊவ்ரிக்கு யோசிக்க அவகாசமிருந்தது. அன்றைய செங்கற்பட்டு ஜில்லா கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியனுக்கு வாய்த்ததோ சுமார் நான்கே விநாடி. மதராஸ் சாப்பர்ஸ் படையினரான அவர், ‘தம்பிகள்’ என்று இன்றும் வாஞ்சையோடு அழைக்கப்படும் அந்தப் பரம்பரைக்குரியவர். 1944 பிப்ரவரி 24 அன்று, இத்தாலியில் மிஞானோ அருகே கண்ணிகளை அகற்றிப் பாதை அமைக்கையில், உடன் வந்த வீரர் ஒருவர் சிதறுகுண்டுக் கண்ணியொன்றை மிதித்துவிட்டார். மிதித்த கணத்தில் அது வெடிப்பதில்லை. சிறிது தாமதித்து, இடுப்பளவு எம்பி, நாற்புறமும் இரும்புக் குண்டுகளை வாரி இறைப்பதே அதன் குணம். அந்தத் தாமதத்தைக் கணக்கறிந்த நிபுணன், விலகித் தரையோடு படுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளவே அதைப் பயன்படுத்துவான். சுப்பிரமணியன் அந்தக் கண்ணியின்மீதே விழுந்து, வெடிப்பைத் தம் உடலில் ஏற்றுப் பிறரைக் காத்தார்.

கணநேர ஆவேசம் என்று இதைச் சிலர் சொல்லக்கூடும், எனக்குச் சம்மதமில்லை. கண்ணியின் இயல்பை அறியாதவனுக்கு அந்த விநாடிகள் இருப்பதே தெரிந்திராது. ஊவ்ரியின் சாகசத்துக்கு எவ்வளவு சாஸ்திர ஞானம் வேண்டியிருந்ததோ, அவ்வளவும் சுப்பிரமணியன் பாய்ந்த பாய்ச்சலிலும் அடங்கியிருந்தது. ஊவ்ரி விருது பெற்றபோது பிறந்தேயிராத ஜார்ஜ் கிராஸ் பதக்கம், 1944-இல் சுப்பிரமணியனின் பெயருக்கு, அவர் மறைந்த பின் அறிவிக்கப்பட்டது.