பழைய கைப்பேசிக்குப் புதிய இயங்குதளம் கிட்டுமா?

கைப்பேசி பழுதின்றி இயங்கினும், புதிய இயங்குதளம் அதற்குக் கிட்டும் என்பது உறுதியன்று. பெங்களூர் யு.டி.எல். குழுமமும் டில்லி ஜைனா குழுமமும் கூட்டாக நிறுவிய கார்பன் நிறுவனம், 2014 செப்டம்பரில் கூகுளின் 'ஆண்டிராய்டு ஒன்' திட்டத்தின்கீழ் 'ஸ்பார்க்கிள் வி' கைப்பேசியை வெளியிட்டது. இரண்டாண்டு வரை புதுப்பிப்பு என்பது அத்திட்டத்தின் வாக்குறுதி. 4.4 பதிப்புடன் வந்த அக்கருவிக்கு 5.1, 6.0 பதிப்புகள் கிடைத்தன. 2016 ஆகஸ்டில் வெளியான 7.0 கிடைக்கவில்லை.

இயங்குதளம் வெளியானால் மட்டும் போதாது. சில்லு தயாரிப்பவர் அதற்கேற்ற இயக்கி நிரல்களை அளித்தல் வேண்டும். கைப்பேசி நிறுவனம் அவற்றைப் பொருத்திச் சோதித்தல் வேண்டும். இவருள் ஒருவர் விலகினும் புதுப்பிப்பு நின்றுவிடும்.

ஆகவே, எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு உண்டு என்பதை வாங்குமுன்னரே கேட்டறிதல் நன்று. பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கையோ மாணவர் விவரங்களையோ கையாளுதல் தகாது.