கொதிநீரில் கிடைத்த நொதி

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்? "நூறு!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லும். அமெரிக்காவிலுள்ள யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இந்த விடைக்கு மதிப்பெண் கிடைக்காது. அங்குள்ள வெந்நீர் ஊற்றுகள் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. காற்றழுத்தம் குறைவு, ஆகவே நீர் சுமார் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும்.

1960களில் தாமஸ் பிராக் என்னும் நுண்ணுயிரியல் பேராசிரியர் அந்த ஊற்றுகளை ஆராயச் சென்றார். வெப்பம் விரும்பும் பாக்டீரியாவுக்கும் 55, 60 டிகிரியே ஏற்றது என்று கருதப்பட்ட காலம் அது. அவரோ 80 டிகிரிக்கு மேற்பட்ட நீரோடையில் இளஞ்சிவப்பு இழைகளாக உயிர்கள் படர்ந்திருப்பதைக் கண்டார். 1966இல் அவரும் அவருடைய மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அங்கிருந்த மற்றோர் ஊற்றின் பாக்டீரியாவை ஆய்வகத்தில் வளர்த்தனர். (ஃப்ரீஸ் என்றால் ஆங்கிலத்தில் உறைதல், வெந்நீரில் ஆராய்ச்சி செய்தவருக்கு வாய்த்த பெயரைப் பாருங்கள்!) 70 டிகிரியில் செழித்து வளர்ந்த அதற்கு 1969இல் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டனர்.

இதில் வியப்பு என்ன? உயிரினங்களில் நடக்கும் வேதிவினைகளை விரைவுபடுத்துபவை நொதிகள். பெரும்பாலான நொதிகள் புரதங்களே. அமினோ அமிலங்கள் மாலைபோல் கோக்கப்பட்டு, ஒரு குறிப்பிட்ட வடிவில் மடிந்திருக்கும். வடிவம் குலைந்தால் வேலை நின்றுவிடும். மடிப்புகளைப் பிடித்து நிறுத்துபவை பெரும்பாலும் வலுக்குறைந்த பிணைப்புகள். சூடேற ஏற மூலக்கூறின் அதிர்வு மிகுந்து பிணைப்புகள் அறுகின்றன. மாலை அவிழ்ந்து சிக்கலாகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து கட்டியாவது இப்படித்தான்.

அப்படியானால் தெர்மஸின் நொதிகள் ஏன் வேகவில்லை? அவற்றில் புதிய பொருள் எதுவும் இல்லை. நம் உடலிலுள்ள அதே இருபது வகை அமினோ அமிலங்கள்தாம். கோத்த வரிசைதான் வேறு. இத்தகைய நொதிகளின் உட்பகுதி இடைவெளியின்றி நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும். நேர்மின், எதிர்மின் கொண்ட பகுதிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

1976இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியென் முதலியோர் இந்தப் பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியைப் பிரித்தனர். 80 டிகிரியில் அது சுறுசுறுப்பாக வேலை செய்தது. 'டாக் பாலிமரேஸ்' என்று இன்று அழைக்கப்படுவது இதுவே.

அதன் அருமை வெளிப்பட மேலும் சில ஆண்டுகள் ஆயின. சீட்டஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி முல்லிஸ் 1983இல் டி.என்.ஏ.வைப் பெருக்க ஒரு வழி கண்டார். அதுவே பி.சி.ஆர். முறை. டி.என்.ஏ.வை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் இரண்டு இழைகளும் பிரியும். ஆறவைத்து நொதியிடம் விட்டால் ஒவ்வோர் இழைக்கும் ஒரு துணை இழையைப் பின்னிவிடும். ஒன்று இரண்டாகும், மீண்டும் செய்தால் நான்கு. முப்பது சுற்றில் எத்தனை? தாளில் பெருக்கிப் பாருங்கள்: 107 கோடிக்கு மேல்!

ஆனால் ஓர் இடையூறு. முதலில் பயன்படுத்திய நொதி, நம் குடலிலும் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவினுடையது. 37 டிகிரி அதற்கு இதம்; 95 டிகிரியில் வெந்துபோகும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் குழாயைத் திறந்து புது நொதி சேர்க்க வேண்டியிருந்தது. டாக் பாலிமரேஸ் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. தொடக்கத்தில் ஒருமுறை சேர்த்தால் போதும். மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். 1993இல் முல்லிஸுக்கு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2020இல் கொரோனாப் பரிசோதனைக்கு மூக்கில் குச்சி விட்டார்களே, அந்த மாதிரிகளைச் சோதித்ததும் இம்முறையில்தான்.

வெப்பம் தாங்கும் நொதிக்கு வெந்நீர் ஊற்றுதான் வேண்டும் என்பதில்லை. மிட்டாய்களில் சேரும் குளுக்கோஸ் பாகு தயாரிக்க, ஸ்டார்ச்சுக் கூழைப் பிரஷர் குக்கரில் போல அழுத்தத்தில் 105 டிகிரிக்குச் சூடாக்கி உடைக்கிறார்கள். இதற்கு உதவும் அமைலேஸ் நொதியைத் தருவது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. சூட்டில் கூழ் இளகும். வேண்டாத கிருமிகளும் வளரா.

பி.சி.ஆர். காப்புரிமையை 1991இல் ராச் நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்கியது. பாக்டீரியாவைக் கொடுத்த பூங்காவுக்கு அதில் ஒரு டாலர்கூட வரவில்லை. இது நியாயமா என்ற கேள்வி வலுத்தது. எனக்கும் அது நியாயமாகத் தோன்றவில்லை. 1997இல் வேறொரு நிறுவனம் நுண்ணுயிர் தேடி வந்தபோது, இலாபத்தில் பங்கு தரவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் பூங்கா நிர்வாகம் சம்மதித்தது.